மூவாயிரம் வாட் பெட்டி

ஆறு நாளாக என் அண்ணனோடு பேசாமல் இருந்தேன். ஏழாம் நாள் காலை எட்டு மணிக்கு அவரே வண்டியைக் கொண்டுவந்து என் கடை வாசலில் நிறுத்தினார்.

போன ஞாயிற்றுக்கிழமை சுரண்டையில் எங்கள் சித்தி வீட்டுப் பால்காய்ப்பில் நடந்தது சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விளக்கமாகச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. பந்தியில் நான் சாம்பார் வாளியோடு நிற்கிறேன். என் கூடப் பிறந்த அண்ணன் சங்கரபாண்டி, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் முன்னால், "எந் தங்கச்சி ஊருக்கெல்லாம் ஒரிஜினல் போடுதா. எனக்கு மட்டும் டூப்ளிகேட் போட்டுட்டா" என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்து பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவப் போய்விட்டார். பக்கத்து இலையில் இருந்த அவர் மனைவி, என் மதினி சந்தனமாரி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரு சப்வூஃபர். பாட்டில் தும் தும் என்று அடிவயிற்றில் வந்து இடிக்கிற சத்தம் இருக்கிறதே, அதை மட்டும் போடுகிற பெரிய ஸ்பீக்கர். அண்ணனுடைய டிராவலர் வேனில் நான்தான் மாட்டிக்கொடுத்தேன். மூன்றே மாதத்தில் உள்ளே கருகிப் போனது. பழி என் தலையில் விழுந்தது.

தென்காசியில் குற்றாலம் ரோட்டில் என் கடை. சீட் கவர் தைக்கத்தான் முதலில் கடை போட்டேன். ஸ்பீக்கர் மாட்டுகிற பையன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதால் நானே கற்றுக்கொண்டேன், அது ஆகிவிட்டது ஒன்பது வருடம். என் வீட்டுக்காரர் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஆனி, ஆடியில் குற்றாலச் சீசன் வந்தால் இரண்டு பேருக்கும் இடுப்பு நிமிராது. அன்று காலையிலும் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. முந்தின நாள் ஒரே நாளில் நான்கு வண்டி பார்த்த அலுப்பு தோளில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

வண்டி வருவதற்கு முன்னாலேயே சத்தம் வந்துவிட்டது. என் கடை ஷட்டர் கடகடவென்று ஆடியது. பக்கத்து ஜெராக்ஸ் கடை ஷரீபுன்னிசா அக்கா வெளியே ஓடிவந்து, "ஏளா யோகம், எவன்ளா அது? எங் கண்ணாடி விழுந்துரும் போல இருக்கே!" என்று கத்தினாள்.

"எங்க அண்ணன்தான் அக்கா."

"பின்ன வேற யாரு வருவா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வேன் நின்றது. முன் சீட்டில் மதினி. இரண்டு காதிலும் பஞ்சு. அண்ணன் இறங்கி நேரே என் முகத்துக்கு எதிரே வந்து நின்றார். கண்ணெல்லாம் தூக்கம் கெட்டுச் சிவந்திருந்தது.

"ஏட்டி, சத்தமே வரமாட்டேங்கு. என்னன்னு பாரு."

நான் ஷட்டரைப் பார்த்தேன். அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஆறு நாள் வைராக்கியம் அந்த இடத்திலேயே போய்விட்டது, இப்படி ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

"என்ன, கிண்டல் பண்ணுதீயளா? சுரண்டையில மானத்த வாங்கினது காணாதா? இங்கனயும் வந்துட்டீய!"

"கிண்டல் இல்லட்டி. திருநெல்வேலியில போயி புதுசு வாங்கிப் போட்டிருக்கேன். மூவாயிரம் வாட். உன்னத மாதிரி பத்து மடங்கு. ஆனா ஒண்ணத்தையும் காணல. பதினோரு மணிக்கு டிரிப்பு. கோவில்பட்டிப் பார்ட்டி, பன்னிரண்டு பேரு, புளியர வழியா ஆரியங்காவு போணும். நாலு இளவட்டம் இருக்கானுவ. பாட்டு நல்லா இல்லன்னா அடுத்த டிரிப்புக்கு வேற வேனுக்குப் போயிருவானுவ."

"மாட்டிக் கொடுத்தவன்ட்ட போங்க."

"அவன் நல்லாத்தான் இருக்குங்கான். அவனுக்கு என்ன தெரியும்? நீ பாரு."

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் லேசாக இறங்கிவிட்டது. திட்டினாலும் என்னிடம்தான் வந்திருக்கிறார். சவம், இந்த மனசுக்கு ரோஷமே கிடையாது.

வேனின் பின்கதவைத் திறந்தேன். கடைசி சீட்டுக்கு அடியில் பெட்டி உட்கார்ந்திருந்தது. பளபளவென்று சிவப்பில் '3000 வாட்' என்று போட்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பக்கவாட்டில், எறும்பு படிக்கிற எழுத்தில், ஆர்.எம்.எஸ். 250.

"அண்ணே, இந்த மூவாயிரம் இருக்கே, அது மேக்ஸ். கண்ணு மூடித் தொறக்கதுக்குள்ள ஒரு தடவ தாங்கும்னு அவனா சொல்லிக்கிடுத கணக்கு. அன்னா, கீழ இருநூத்தம்பதுன்னு இருக்கு பாருங்க. நாள் பூரா ஓடினா அதுதான் தாங்கும். நாய் தொரத்துனா நீங்களுந்தான் ஒரு நிமிஷம் பறப்பீய. அதே வேகத்துல செங்கோட்ட வரைக்கும் ஓடுவீயளா? நான் போட்டது முந்நூறு ஆர்.எம்.எஸ். இது அதவிடக் கொறச்சல்."

குனிந்த வாக்கில் சொல்லிக்கொண்டே போனேன். திரும்பினால் அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். முழங்கையில் இடித்தேன்.

"சொல்லுதது கேக்குதா இல்லையா?"

"ம்? சொல்லு, சொல்லு."

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். எவ்வளவு கடுப்பு வந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"அப்ப ஆயிரம் ஆர்.எம்.எஸ். போடு" என்றார் அண்ணன்.

"போட்டா? வாட்ட ரெண்டு மடங்கு ஆக்கினா மீட்டர்ல மூணு டெசிபல்தான் கூடும். காதுக்கு அது கொஞ்சூண்டு வித்தியாசம். ரெண்டு மடங்கு சத்தமாக் கேக்கணும்னா பத்து மடங்கு வாட் வேணும். வண்டியில பேட்டரி தாங்காது, ஹெட்லைட்டு மங்கிரும். வாட்டக் கூட்டிக்கிட்டே போனா சத்தமும் அப்படியே கூடும்னு நெனைக்கது தப்பு அண்ணே. நிறைய பேரு இப்படித்தான் ஏமாறுதாவ."

ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். கெயின் என்கிற திருகு கடைசி வரை முறுக்கிக் கிடந்தது. முந்தின பெட்டி ஏன் கருகியது என்று அப்போதே புரிந்துவிட்டது.

"இதத் திருகினது யாரு?" என்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"நாந்தான். சத்தம் வரலன்னா கூட்ட வேண்டாமா?"

"இது சத்தம் கூட்டுத திருகு இல்ல அண்ணே! பாட்டு வார செட்டுக்கும் இதுக்கும் பொருத்தம் பாக்கதுக்கு உள்ளது. முழுசா முறுக்கினா சத்தம் ஒடைஞ்சு, உள்ள காயில் சூடாகிக் கருகும். நான் போட்டதையும் நீங்கதான் கருக்கியிருக்கீய. என்னயப் போயி டூப்ளிகேட்டுன்னீய!"

அவர் முகம் சுருங்கியது. "எனக்கு என்னட்டி தெரியும்? நெஞ்சு அதிருது, காதுக்கு வரல. அப்ப பெட்டிதான கோளாறு?"

நெஞ்சு அதிருது, காதுக்கு வரல. ஒன்பது வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் என்னிடம் இப்படிச் சொன்னது இல்லை. கோபத்தில் அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

உள்ளே போய் சத்தம் அளக்கிற மீட்டரை எடுத்து வந்தேன். வேனுக்குள் உட்கார்ந்து பாட்டைப் போட்டேன். நூற்றுப் பதினெட்டு டெசிபல். அரை நிமிடம்கூட என்னால் இருக்க முடியவில்லை, காதைப் பொத்திக்கொண்டு வெளியே குதித்தேன். அண்ணன் டிரைவர் சீட்டில் அசையாமல் உட்கார்ந்து, "போட்டுட்டியா? இவ்வளவுதான?" என்றார்.

"நூத்திப் பதினெட்டு காட்டுது!" என்று மீட்டரை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன்.

"உம் மீட்டரும் டூப்ளிகேட்டா இருக்கும்."

சிரித்திருப்பேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே சொல்கிறார். நெஞ்சு அதிருது, காதுக்கு வரல என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வேனில் உட்கார்ந்தால் சீட்டும் தரையும் அதிரும். காதுக்கு வராவிட்டாலும் உடம்புக்குத் தெரிந்துவிடும். அதனால் அவரை இறக்கினேன்.

"அண்ணே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி வண்டிக்கு முதுகக் காட்டி நில்லுங்க. நான் இங்கன நின்னு போடுதேன். கேட்டா கையத் தூக்குங்க. பெட்டி கோளாறா இல்லையான்னு கண்டுபிடிச்சிரலாம்."

"இது நல்ல வேல" என்று போய் நின்றார். மீட்டரை ஷரீபுன்னிசா அக்கா கையில் கொடுத்து அவருக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். பாட்டு வேண்டாம் என்று, வெளியே நின்றபடியே ரிமோட்டை அழுத்தி, சோதிக்கிறதற்கென்று வைத்திருக்கும் வெறும் தும் தும் சத்தத்தைப் போட்டேன்.

அக்கா மீட்டரைப் பார்த்து, "எண்பத்தஞ்சு" என்று விரலால் காட்டினாள். அண்ணன் கை தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டினேன். டீக்கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா இடது காதைப் பொத்திக்கொண்டு தொண்ணூறைத் தாண்டிவிட்டது என்று சாடை காட்டினாள். அண்ணன் நனைந்த சட்டையோடு, சமர்த்தாக, கையைத் தூக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

ஒரு நிமிடம் ஆயிற்று. அவர் திரும்பாமலே கத்திக் கேட்டார்.

"ஏட்டி, எப்பதான் போடப் போற?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். என் விரல் தானாகப் போய் சத்தத்தை அணைத்தது. அவர் அதற்கும் திரும்பவில்லை.

இந்த ஆள்தான் பதினோரு மணிக்குப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு புளியரைக்கு மேலே கொண்டை ஊசி வளைவில் போகப் போகிறார். கேரளாவிலிருந்து மர லாரி இறங்குகிற ரோடு அது. ஹாரன்தான் அங்கே உயிர்.

"யோகம், இங்கன வா" என்றது மதினியின் குரல்.

வேனுக்குப் பின்னால் என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"உங்களுக்குத் தெரியுமா மதினி?"

"ஐப்பசியில இருந்து தெரியும்." அவள் கண் கலங்கவில்லை. அழுது முடித்த முகமாக இருந்தது. "குத்தாலத்துல பேரருவியில வெள்ளமா விழுந்துச்சுல்லா, அப்ப பார்ட்டியோட சேந்து குளிக்கப் போனாவ. தண்ணி ரெண்டு காதுலயும் அறைஞ்சிருக்கு. ரத்தம் வந்துச்சு. டாக்டர்ட்ட போவோம்னு சொன்னேன். எண்ணெயக் காய்ச்சி ஊத்திக்கிட்டு, சரியாப் போச்சுன்னுட்டாவ. அப்புறம் சீழு. பைய பையக் கொறைஞ்சு போச்சு."

"ஒம்பது மாசமாவா வண்டி ஓட்டுதாவ?"

"நான் கூடப் போறேம்லா. முன் சீட்டுல இருக்கேன். பின்னால ஹாரன் அடிச்சா இடது தோளத் தொடுவேன். வளைவுல எதுக்க அடிச்சா ரெண்டு தட்டு. போன் வந்தா நான் பேசுவேன். ஸ்டாண்டுல எல்லாவனும் என்ன சொல்லுதான் தெரியுமா? புருசன் மேல சந்தேகம், அதான் டிரிப்புக்குக் கூடவே ஏறிக்கிடுதான்னு சொல்லுதான். சொல்லிட்டுப் போட்டும்னு இருக்கேன்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சித்தியிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். மதினியின் கண்களைப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

"பாட்டு போட்டா, கொறைங்க அண்ணாச்சின்னு பின்னால இருந்து கத்துவானுவ. குஷியில கத்துதானுவன்னு இவிய இன்னுங் கூட்டுவாவ. அன்னைக்கு சுரண்டையில நீ சொன்ன பதிலு அவியளுக்குக் கேக்கல யோகம். கேக்காமத்தான் எந்திரிச்சுப் போனாவ. எனக்குத் தெரியும். சொன்னா வெளிய வந்துரும்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். என்னய மன்னிச்சிரு."

"இன்னைக்கு ஏன் இங்கன கூட்டிட்டு வந்தீய?"

"இன்னைக்கு முன் சீட்டும் புக்காயிருக்கு. முட்டு வலிக்காரர் ஒருத்தர் வாராராம். எனக்கு இடம் இல்ல. ராத்திரி பூரா ஒறக்கம் வரல. நான் சொன்னா கேக்கமாட்டாவ, கோட்டி பிடிச்ச மாதிரி கத்துவாவ. உங்கிட்ட மெஷின் இருக்கு. நீ கண்டுபிடிச்சா, தங்கச்சி சொல்லுதான்னு ஒருவேள கேப்பாவ."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்பது மாதம்! எத்தனை குழந்தைகள், எத்தனை கிழவிகள் அந்த வண்டியில் போய் வந்திருக்கிறார்கள்! திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவளுடைய வலது கை தன் சேலை முந்தானையைத் தட்டிக்கொண்டே இருந்தது, பழக்கத்தில். திட்ட முடியவில்லை.

அண்ணன் ரோட்டைக் கடந்து வந்தார். "என்னட்டி? பெட்டி கோளாறுதான?"

நான் அவர் முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாக அசைத்துச் சொன்னேன். "பெட்டி நல்லாத்தான் இருக்கு. ஊருக்கே கேட்டுச்சு. உங்களுக்குத்தான் கேக்கல."

அவர் மதினியைப் பார்த்தார். மதினி தரையைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

"சீசன் பிடிச்சிருக்கு. சளிக் காது. ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்."

"மலையில லாரிக்காரன் ஹாரன் அடிச்சா?"

"பதினெட்டு வருசமா ஓட்டுதேன். கண்ணு இருக்கு. கண்ணாடி இருக்கு. நீ வாட்ட மட்டும் பாரு, எனக்கு வண்டியச் சொல்லித் தராத."

"அண்ணே, உங்க கால்ல விழுதேன். இன்னைக்குப் போகாதீய. டாக்டர்ட்ட போவோம். நானே கூட்டிட்டுப் போறேன். சரி பண்ணிரலாம் அண்ணே."

"டாக்டரு முதல்ல வண்டி ஓட்டாதன்னு சொல்லுவான். இந்த ரெண்டு மாசம்தான்ட்டி எனக்கு வருசம். இப்ப நிப்பாட்டிட்டா ஸ்டாண்டுல எவன் என்னயத் திரும்பக் கூப்பிடுவான்?"

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தார். விஜய்பாண்டி. குற்றாலம் வேன் ஸ்டாண்டில் பார்ட்டி பிடித்துக் கொடுப்பவன், இன்றைய டிரிப்பும் அவன் கொடுத்ததுதான். வழக்கம்போல அண்ணன் போனை மதினியிடம் நீட்டினார். மதினி அதை வாங்கி, பேசாமல், என் கையில் வைத்துவிட்டாள்.

"அண்ணாச்சி, பார்ட்டி ரெடியாயிட்டாவ. சீக்கிரம் வந்துட்டா நல்லது" என்றான் விஜய்பாண்டி.

அண்ணன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் எத்தனை கெஞ்சல்! சின்ன வயதில் அப்பாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்காத அண்ணன். எனக்கு வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

"நான் அவிய தங்கச்சி பேசுதேன். வண்டி ரிப்பேரு. வராது. வேற வேன் அனுப்பிருங்க."

"அட, சரி, சரி. நான் பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டான்.

அண்ணனுக்கு மூச்சு வந்தது. தோளெல்லாம் தளர்ந்தது. "வண்டின்னு சொன்னியே, நல்ல காரியம் பண்ணினட்டி" என்று என் தலையில் கை வைத்தார். உடனே அடுத்த வார்த்தை வந்தது. "நாளைக்கு அச்சன்கோவில் டிரிப்பு. இருபது பேரு கேட்டானுவ, பதினாலு பேருக்கு ஒத்துக்கிட்டிருக்கேன். அதுக்குள்ள வண்டி ரெடியாயிட்டுதுன்னு சொல்லிரலாம்லா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் சொன்ன பொய்யைப் பிடித்துக்கொண்டு நாளைக்கும் வண்டி எடுக்கப் போகிறார். அதற்கு வழி செய்து கொடுத்தவள் நான்.

எனக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது. இப்படியே உள்ளே போய்ப் படுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் கையில் அவருடைய போன் இருந்தது. அதே நம்பரை அழுத்தினேன். அண்ணனுக்கு நேராக நின்றேன், அவர் ஒரு எழுத்தைக்கூடத் தவறவிடக் கூடாது என்று.

"விஜய்பாண்டி, முதல்ல சொன்னது பொய்யி. வண்டிக்கு ஒண்ணும் இல்ல. எங்க அண்ணனுக்குக் காது கேக்கல. இனிமே சரியாகுத வரைக்கும் அவியளுக்கு டிரிப்பு கொடுக்காதீய."

அண்ணன் கை என் தலையிலிருந்து இறங்கியது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வேன் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். சாரல் அவர் மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

போனில் விஜய்பாண்டி மெதுவாகக் கேட்டான்.

"எக்கா, இது எத்தன நாளா? போன வாரம் எங்க அம்மாவயும் பிள்ளைகளயும் அந்த வேன்லதான ஏத்தி அனுப்பினேன்."

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு திரும்பினேன். மதினி என் முகத்தைப் பார்த்தே என்ன கேள்வி என்று தெரிந்துகொண்டாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் நீட்டினாள்.

"கொண்டா யோகம். அதுக்கு நாந்தான் பதில் சொல்லணும்."